அவன் வரும் நாட்களில் மட்டும்

முதலியார்பேட்டையில் பிரிஸ்கில்லாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது, அவள் எதையும் லேசில் நம்ப மாட்டாள் என்பதைத்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வில் எல்லோரும் ஊசல் குண்டை ஒப்புக்கு ஆட்டிவிட்டு, புத்தக விடை வருகிற மாதிரி அளவுகளை எழுதிக் கொடுத்தார்கள். அவள் மட்டும் தனக்கு வந்ததை எழுதினாள். மதிப்பெண் குறைந்தது. ஆசிரியையிடம் போய், "எல்லாருக்கும் எப்படி மிஸ் ஒரே மாதிரி வரும்? ஜன்னல்ல காத்து அடிச்சுதே?" என்று கேட்டாள். அந்த ஆசிரியை அதற்குப் பிறகு அவளோடு சரியாகப் பேசவில்லை.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபின் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அம்மா வீட்டிலேயே தைத்தாள். மகள் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தபோது அது என்ன படிப்பு என்று இருவருக்கும் புரியவில்லை. "ஒருத்தர் சொல்ற கணக்கு நிஜமாவே அப்படியா, இல்ல தற்செயலா அமைஞ்சுதான்னு கண்டுபிடிக்கிறதுப்பா" என்றாள். "அதான் நீ இப்பவே செய்றியே" என்றார் அப்பா.

சில வருடம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினாள். பிறகு ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளில் புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது சேரும் விவரங்களையெல்லாம் சரிபார்த்து, மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அங்கே வேலை. ஒரு முறை ஓர் ஊரிலிருந்து வந்த நோயாளிகள் யாருக்குமே மாதக்கணக்கில் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போன அதை அவள் பிடித்தாள். விசாரித்தால், அங்கே எடை பார்க்கும் மெஷின் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. போன மாத எடையையே பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் எந்தச் சந்தேகம் என்றாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி வகுப்பு எடுப்பாள். இரண்டு விஷயம் சேர்ந்தே நடக்கிறது என்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது அந்த வகுப்பின் முதல் பாடம்.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கணவர் ரெக்ஸ் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர். குழந்தைகள் இல்லை. அந்த வருட மழையில் அலுவலகத்தின் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி, சுவர் வழியாக ஊறி, எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் பெரிய கம்ப்யூட்டரான சர்வருக்குள் இறங்கிவிட்டது. மழை விட்டபின் புது சர்வர் வாங்கினார்கள். பழையதில் இருந்தவற்றையெல்லாம் புதியதற்கு மாற்றி அமைத்தது அருள்முருகன்.

அருள்முருகன் வில்லியனூர் பக்கத்துக் கிராமம். வீட்டில் விவசாயம். படித்தது கம்ப்யூட்டர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. இரண்டு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். வாரத்தின் முதல் பாதி ரெட்டியார்பாளையம், மீதி நாட்கள் மூலக்குளம் கிளை. அதிகம் பேச மாட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

"எல்லாத்தையும் புது வெர்ஷனுக்கு அப்டேட் பண்ணிட்டேன் மேடம். பழசவிட மெஷின் நல்லா வேகம்" என்று அவளிடம் சொன்னான்.

அவளுடைய புரோகிராம்கள் எல்லாம் 'ஆர்' என்ற புள்ளியியல் மொழியில் எழுதியவை. அந்த மொழியில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்த சின்னச் சின்ன பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் அவ்வப்போது அவற்றைத் திருத்தி வெளியிடுவார்கள். அருள்முருகன் எடுத்துப் போட்டது அந்தத் திருத்திய பேக்கேஜ்களைத்தான்.

அப்போது அவள் கையில் இருந்த பெரிய வேலை, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கான ஒரு களிம்பைப் பற்றிய ஆய்வு. பாதிப் பேருக்குப் புதுக் களிம்பு, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து. புதுக் களிம்பு நல்லது செய்கிறதா, ஒருவேளை கெடுதல் செய்கிறதா என்று இடையிடையே பார்த்து, வெளியூர் டாக்டர்கள் அடங்கிய ஒரு குழுவுக்குச் சொல்ல வேண்டும். கெடுதல் என்றால் அவர்கள் ஆய்வை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். புண் ஆறியதில் தெரிகிற வித்தியாசம் களிம்பினால் வந்ததா, தற்செயலா என்று அறிய, யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான முறை கலைத்துப் போட்டுக் கணக்கிடும். திங்கட்கிழமை காலையில் ஓட விட்டால், அவள் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைப்பதற்குள் விடை வந்துவிடும்.

புது சர்வரில் முதல் திங்கட்கிழமை ஓட விட்டாள். மதியம் வரவில்லை. தேநீர் வேளையிலும் வரவில்லை. கீழே டைல்ஸ் கடை ஷட்டரை இறக்கும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் வந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது.

"உனக்கும் இப்படி இழுக்குதா?" என்று பக்கத்து மேசை துர்காவைக் கேட்டாள்.

"இல்லக்கா. எனக்கு முன்னவிட வேகமாத்தான் வருது."

இன்னும் இரண்டு பேரைக் கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை. தனக்கு மட்டும்தான். இதுதான் அவள் மனதில் முதலில் விழுந்த முள்.

அருள்முருகனிடம் போனாள். அவன் திரையில் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெருங்கியதும் அதை மூடினான்.

"என் புரோகிராம் மட்டும் ஏன் மெதுவா போவுது?"

"சர்வர்ல ஒண்ணும் பிரச்னை இல்ல மேடம்."

"நான் புரோகிராம்ல ஒரு எழுத்துகூட மாத்தல."

"நானும் உங்க ஃபோல்டரத் தொடல மேடம்" என்றான்.

ஃபோல்டரைத் தொட்டாயா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறான்? திரையை ஏன் மூடினான்? அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது இது அவளைக் குடைந்தது. பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் நின்று, பின்னால் பஸ் அடித்த ஹாரனில்தான் நகர்ந்தாள்.

வியாழன், வெள்ளியில் அவள் வேறு ஆஸ்பத்திரி வேலைகளைப் பார்ப்பாள். அவை சட்டென்று முடிந்தன. அடுத்த திங்கள் வந்ததும் மறுபடி இழுத்தது. செவ்வாயும் அப்படியே. வியாழன் சரியாகிவிட்டது. மூன்றாவது வாரமும் இதே கதை.

வித்தியாசம் என்ன என்று யோசித்தாள். திங்கள் முதல் புதன் வரை அருள்முருகன் இங்கே இருக்கிறான். வியாழன், வெள்ளியில் இல்லை.

அது மனதில் பட்டதும் மற்றவையெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. அவன் சர்வர் இருக்கும் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வது. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுவது. மூலக்குளம் கிளையில் ஒரே கட்டடத்தில் வேறு கம்பெனிகளும் இருப்பது. சர்வரில் அவன் வெளி வேலை எதையோ ஓட்டுகிறான், அதற்காகத் தன்னுடைய புரோகிராமைப் பின்னுக்குத் தள்ளுகிறான் என்று அவள் முடிவுக்கு வந்தாள். தன் ஃபோல்டருக்குப் புதுப் பூட்டுப் போட்டாள். அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து சர்வர் அறைப் பக்கம் போய், ஒன்றும் தெரியாத மாதிரி விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்தாள். பச்சை விளக்குகள் மினுக்கின. அதிலிருந்து என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டில் ரெக்ஸ், "துஸ்மாம் பிரிஸ்கி, துஸ்மாம்" என்றார். பிரெஞ்சில் மெதுவாக, பதறாமல் என்று பொருள். பள்ளியில் பிள்ளைகளை அடக்கும் வார்த்தையை அவர் வீட்டிலும் பயன்படுத்துவார்.

"மெதுவாங்கற வார்த்தையே என் காதுல விழக் கூடாது" என்றாள். "அவன் ஒரு தடவகூட என் மூஞ்சியப் பாத்துப் பேசலங்க. மறைக்க ஒண்ணும் இல்லாதவன் ஏன் கீழயே பாக்கணும்?"

"நீ பேசற மாதிரி பேசினா நானே கீழதான் பாப்பேன்."

அவள் எழுந்து போனாள்.

நிறுவனத்தின் இயக்குநர் இராமதாஸ். டாக்டராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். யாரிடமும் கடிந்து பேசிப் பழக்கமில்லை. யாராவது புகார் சொன்னால் தலையை ஆட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பாக்கலாம்" என்பார். பிரிஸ்கில்லா அவரிடம் போய்த் தன் சந்தேகத்தைச் சொன்னாள். அவன் வரும் நாட்கள், வராத நாட்கள் எல்லாவற்றையும் படம் வரைந்தே காட்டினாள்.

இராமதாஸ் கண்ணாடியைத் துடைத்தார். "கவனமா பாத்துக்கிட்டு இருங்கம்மா. வெளிய சொல்ல வேண்டாம்" என்றார். ஏதோ ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி அவர் சொன்னது அவளுக்கு மேலும் தெம்பாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் டாக்டர்கள் குழுவின் கூட்டம். புதிதாகச் சேர்ந்த நோயாளிகளின் விவரம் கடைசி நேரத்தில் வந்தது. பழைய வேகம் இருந்திருந்தால் ஒரே நாளில் திருத்தி ஓட்டியிருக்கலாம். பாதி ஓடும்போது ஒரு தவறு தெரிந்து, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டி வந்தது. கூட்டத்துக்குள் விடை வரவில்லை. கூட்டத்தையே தள்ளி வைத்தார்கள். குழுவில் இருந்த வயதான டாக்டர் ஒருவர் போனில், "ஒருவேளை களிம்பு கெடுதல் பண்ணுதுன்னா, இந்தத் தாமதத்துல எத்தன பேரு அதத் தடவிக்கிட்டு இருப்பாங்க, யோசிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. அதனாலேயே அது அவளைச் சுட்டது. போனை வைத்துவிட்டு நேரே இராமதாஸ் அறைக்குப் போனாள்.

"சார், இனிமே பாத்துக்கிட்டு இருக்க முடியாது. ஒண்ணு அவரு சர்வர் பக்கம் வரக் கூடாது. இல்ல, நான் வரல."

இராமதாஸ் அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை. மறுநாளே அருள்முருகனிடமிருந்து சர்வர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, அவனை முழுவதுமாக மூலக்குளத்துக்கு அனுப்பிவிட்டார். அவன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் ஒரு சின்ன விசிறியையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியதை அவள் பார்த்தாள். போகும்போது முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

அடுத்த திங்கட்கிழமை தெம்பாக புரோகிராமை ஓட விட்டாள்.

மதியம் விடை வரவில்லை. தேநீர் வேளையிலும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை திரும்ப ஓட்டினாள். அதே இழுவை. இப்போது அவன் இல்லை, அவனுடைய பாஸ்வேர்டும் இல்லை. 'போகும்போது எதையோ உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்' என்றுதான் அவள் மனம் முதலில் நினைத்தது. அப்படி நினைத்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் இருந்தால் அவன் காரணம், இல்லாவிட்டாலும் அவனே காரணம் என்றால், அவன் குற்றமற்றவன் என்று காட்டக்கூடிய சாட்சி எதுவுமே உலகத்தில் இருக்க முடியாதே? பயிற்சிக்கு வரும் பெண்கள் யாராவது இப்படி எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுப்பாள்.

ஆனாலும் சந்தேகம் விட்டுப் போகவில்லை. அதைச் சோதித்தே தீர்ப்பது என்று முடிவு செய்தாள். நோயாளிகளின் விவரத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், அதே அளவில் பொய் எண்களால் ஒரு அட்டவணை தயாரித்து, புரோகிராமோடு வீட்டுக்குக் கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் தன் லேப்டாப்பை வைத்து, ஆர் மொழியையும் பேக்கேஜ்களையும் இணையத்திலிருந்து புதிதாக இறக்கினாள். அருள்முருகன் கை படாத கம்ப்யூட்டர். ஓட விட்டாள். ரெக்ஸ் மீன் குழம்பு வைத்து இறக்கினார், இருவரும் சாப்பிட்டார்கள், அவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

"உன் ஆளு இங்கயும் வந்துட்டான் போல" என்றார் ரெக்ஸ்.

அவள் சிரிக்கவில்லை. "உங்க பழைய லேப்டாப் எங்க?"

அது அலமாரிக்கு மேலே, கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. சில வருடத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் அவள் அதில் ஆர் மொழியைப் போட்டு வைத்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, அப்டேட்டும் செய்யவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒயரைச் செருகியே ஓட்ட வேண்டும். அந்தக் கிழட்டு லேப்டாப் விசிறி அலற அலற, அதே புரோகிராமை, அதே பொய் எண்களை வைத்து, ரெக்ஸ் காபி போட்டு எடுத்து வருவதற்குள் முடித்துவிட்டது.

பிரிஸ்கில்லா இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறி ஆடை கட்டியது.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க ஆர் மொழியிலேயே ஒரு கருவி உண்டு. புரோகிராம் ஓடும்போது இடையிடையே எட்டிப் பார்த்து, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு அது பல வருடமாகத் தெரியும். முதல் வாரமே அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அவள் ஒரு மனிதனை வேவு பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த நினைப்பே வரவில்லை. இப்போது தன் லேப்டாப்பில் அதை ஓட விட்டாள். பதில் அப்பட்டமாக வந்தது. கணக்குப் போடுவதில் நேரமே போகவில்லை. அட்டவணையிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் எடுக்கிற இடத்தில்தான் அத்தனை நேரமும் போயிருந்தது.

அவள் பயன்படுத்திய அட்டவணைப் பேக்கேஜுக்கு வெளியிட்டிருந்த திருத்தக் குறிப்பைத் தேடிப் படித்தாள். அதன் பழைய வெர்ஷனில், ஒரு வரி வேண்டும் என்றால் அதை எடுத்துக் கொடுத்துவிடும். புது வெர்ஷனில் அதை எழுதியவர்கள் ஜாக்கிரதை கூட்டியிருந்தார்கள். எந்த வரியை எடுத்தாலும், மொத்த அட்டவணையும் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கொடுக்கும். மளிகைக் கடையில் ஒரு வெங்காயம் கேட்டால், கடையில் இருக்கும் சரக்கு முழுவதையும் சரிபார்த்துவிட்டு அந்த ஒரு வெங்காயத்தை எடுத்துத் தருகிற மாதிரி. ஒரு முறை என்றால் யாருக்கும் தெரியாது. அவளுடைய புரோகிராமோ ஆயிரக்கணக்கான முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டது. துர்காவும் மற்றவர்களும் அந்தப் பேக்கேஜைப் பயன்படுத்தவே இல்லை. அட்டவணை பெரிதாக ஆக அந்தச் சோதனையும் நீண்டுகொண்டே போகும். கால்புண் ஆய்வின் அட்டவணைதான் இருப்பதிலேயே பெரியது. அதை அவள் எடுப்பது வாரத்தின் முதல் பாதியில். அருள்முருகன் அங்கே இருந்ததும் வாரத்தின் முதல் பாதியில்.

"என்னாச்சு?" என்றார் ரெக்ஸ்.

"அவரு ஒண்ணும் பண்ணலங்க." வீட்டில் முதல் முறையாக அவனை 'அவரு' என்றாள்.

திங்கட்கிழமை காலை இராமதாஸ் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நீங்க வெளிக் கம்பெனி வேல எதுவும் ஓட்டலயா?"

"நானா?"

"இல்லம்மா, அவரு வந்து சொன்னாரு. திங்கக்கெழம ஆனா உங்க புரோகிராம் சர்வரையே முழுங்குது, ஃபோல்டர வேற பூட்டி வெச்சிருக்காங்க, இதுக்கு முன்ன இவ்ளோ நேரம் ஓடினதே கெடையாதுன்னு. அவரையும் பாத்துக்கிட்டு இருக்கச் சொன்னேன்."

பிரிஸ்கில்லாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் மூடிய திரையில் ஓடிய வரைபடம் அவளுடைய புரோகிராம்தான். அவள் அவனைக் கவனித்த அத்தனை நாளும் அவனும் அவளைக் கவனித்திருக்கிறான். இருவரையும் காவலுக்கு வைத்தவர் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்.

"சார், எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவ ஒண்ணா கூப்பிட்டுக் கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"சண்ட வந்துடுமேன்னு பாத்தேன்" என்றார் அவர்.

அவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூலக்குளம் போனாள். அவன் ஒரு பிரிண்டரைத் திறந்து போட்டு, சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இங்க என்னா மேடம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் ஓட்டியது, பழைய லேப்டாப், புதுப் பேக்கேஜ், தன்மேல் அவன் சொன்ன புகார், அவன்மேல் தான் சொன்னது. கடைசியாக, "நான் தப்பா நெனச்சிட்டேன் அருள்முருகன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவன் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினான். "பாஸ்வேர்டப் புடுங்கி அனுப்பினாங்க மேடம். எல்லாரும் பாத்தாங்க. எங்க வீட்ல என்னா கேட்டாங்க தெரியுமா? எதுனா எடுத்துட்டியாடான்னு."

கசக்கிய காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு, "நானும் உங்கள அப்படித்தான் நெனச்சேன். அது வேற" என்றான். அது மன்னிப்பா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "எந்தப் பேக்கேஜ்?" என்று கேட்டான்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கலைத்துப் போடும் வேலை தொடங்குவதற்கு முன்பே அட்டவணையைப் பிரித்து வெறும் எண்களாக மாற்றி வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு முறையும் அந்தப் பேக்கேஜிடம் போய் நிற்க வேண்டியதில்லை. அவள் நான்கைந்து வரிகளை மாற்றினாள். மூலக்குளத்துக் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பொய் எண்களை வைத்து ஓட விட்டாள். அவன் பிரிண்டரின் மூடியைத் திரும்பப் பொருத்துவதற்குள் முடிந்துவிட்டது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான்.

"முடிஞ்சிடுச்சுன்னுதான் சொல்லுது." பிரிஸ்கில்லாவின் புருவம் சுருங்கியது. "இவ்ளோ சீக்கிரமா? நோயாளிங்க எல்லாரையும் எடுத்துச்சா, பாதியிலயே விட்டுடுச்சா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் அதான் தோணுது" என்றான்.

அன்று மாலை வரை இருவரும் உட்கார்ந்து, பழைய லேப்டாப் கொடுத்த விடையையும் புது விடையையும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். அவன் வாசிக்க, அவள் சரிபார்த்தாள். நடுவில் அவன் ஒரு எண்ணை மாற்றி வாசித்துவிட, "இருங்க இருங்க, என்னா சொன்னீங்க?" என்று அவள் பாய்ந்தாள். எப்போது ஓட்டினாலும் ஒரே வரிசையில் கலைக்கும்படிதான் அவள் புரோகிராமை எழுதியிருந்தாள். இரண்டு விடையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போயின.

தள்ளி வைத்த கூட்டம் அந்த வாரமே நடந்தது. களிம்பு கெடுதல் எதுவும் செய்யவில்லை, நல்லது செய்வதாகவும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வு தொடரட்டும் என்று குழு சொன்னது. பிரிஸ்கில்லா எல்லோரும் இருக்கும்போது அலுவலகத்தில் எழுந்து நின்று, தாமதத்துக்குக் காரணம் அருள்முருகன் இல்லை என்று சொன்னாள். இராமதாஸ் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தார். அவன் உடனே வரவில்லை. மூலக்குளம் வீட்டுக்குக் கிட்ட என்று சொல்லி இரண்டு மாதம் அங்கேயே இருந்தான். பிறகு பழையபடி வாரத்தின் முதல் பாதியில் வரத் தொடங்கினான். முன்பைவிட அதிகம் பேசினான் என்று சொல்ல முடியாது. சர்வர் அறைக் கதவு மட்டும் திறந்தே இருந்தது.

கோடையில் மறுபடி அப்டேட் செய்ய வேண்டி வந்தது. அருள்முருகன் தன் அறையிலிருந்து எழுந்து அவள் மேசைக்கு வந்தான்.

"மேடம், நான் பட்டன அமுக்கப் போறேன். பக்கத்துல வந்து நில்லுங்க."

"எந்தெந்தப் பேக்கேஜ் மாறுது?"

"நீங்களே பாருங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "மொதல்ல பழசுல ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கலாம்" என்றாள்.

"ஓட்டிட்டேன் மேடம்."

"நான் பாக்கும்போது ஒரு தடவ ஓட்டுங்க" என்று சொல்லி, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.